மாலைப் பதிப்பும் பழைய கேசட்டும்

நடுவர் அவர்களே, நான் வாய் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, வணக்கம்.

துருக்கியில் வாயடைக்கப்பட்ட சிறுபான்மையினரின் நினைவைக் காப்பாற்றியது பத்திரிகையா, சினிமாவா என்பது இன்றைய வழக்கு. சினிமாதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். முன்னால் பேசிய தோழி, "சினிமா கற்பனை, செய்திதான் ஆவணம்" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். சரி, அந்த ஆவணத்தையே எடுப்போம்.

1955 செப்டம்பர் 6. கிரேக்கத்தின் தெசலோனிக்கியில் நவீன துருக்கியை நிறுவிய அத்தாதுர்க் பிறந்த வீட்டில் குண்டு வெடித்தது என்று செய்தி. உண்மையில் வெடித்தது பக்கத்தில் இருந்த துருக்கித் துணைத் தூதரகத் தோட்டத்தில். சேதம் பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடிதான். குண்டு வைத்ததே துருக்கித் தரப்பு என்பதும் பிறகு வெளியே வந்தது. ஆனால் 'இஸ்தான்புல் எக்ஸ்பிரஸ்' என்ற மாலைப் பத்திரிகை அவசர அவசரமாகச் சிறப்புப் பதிப்பு போட்டது. வழக்கமாக 20 ஆயிரம் பிரதி அச்சிடும் பத்திரிகை, அன்று 2 லட்சத்து 90 ஆயிரம் அச்சிட்டதாகச் சொல்கிறார்கள். அத்தனை காகிதம் எப்படிக் கைவசம் இருந்தது என்று கேட்காதீர்கள்! அன்று இரவே இஸ்தான்புல்லின் இஸ்திக்லால் தெருவில் அங்கு வாழ்ந்த கிரேக்கர்களின் கடைகள் நொறுங்கின. ஆர்மீனியர், யூதர் கடைகளும் தப்பவில்லை. அரசோ பழியைக் கம்யூனிஸ்டுகள் தலையில் கட்டியது.

துருக்கி இயக்குநர் டோம்ரிஸ் கிரித்லியோலு 2009இல் அந்த இரவைப் படமாக்கினார். காதல் கதைதான், கொஞ்சம் கண்ணீர் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது துருக்கியின் தியேட்டர்களில் ஓடியது. "54 வருடம் கழித்தா?" என்பீர்கள். ஆமாம், கழித்துத்தான். அதுவரை பெரிய பத்திரிகைகள் எங்கே போயிருந்தன?

அடுத்து, ஓர்ஹான் எஸ்கிகோயும் ஸெய்னெல் தோவானும் 2012இல் எடுத்த 'என் தந்தையின் குரல்'. அலெவி குர்துக் குடும்பம் ஒன்று. குர்துகள் தனி மொழி பேசும் சிறுபான்மை இனம், அலெவிகள் சிறுபான்மை மதப் பிரிவு. அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புகிறார்கள். 1978 டிசம்பரில் மராஷ் நகரில் அலெவிகள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்களே, அந்த நினைவு இந்தக் குடும்பக் குரல்களுக்குள் கிடக்கிறது. தோவான் தன் சொந்த வீட்டுக் கேசட்டுகளிலிருந்துதான் இந்தக் கதையை எடுத்தார். படத்தில் மகனாக அவரே நடித்தார், அம்மாவாக அவருடைய அம்மாவே நடித்தார். இதையா நீங்கள் கற்பனை என்கிறீர்கள்? செய்தியில் மராஷ் ஒரு எண்ணிக்கை. இங்கே ஒரு கிழவி டேப்பை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். அந்த மௌனத்தை எந்த நிருபர் எந்தப் பத்தியில் எழுதுவார்?

யெஷிம் உஸ்தாவோலு என்ற பெண் இயக்குநரின் 'சூரியனை நோக்கிய பயணம்' 1999இல் வந்தது. அதில் மெஹ்மெத்துக்கு வேலை, மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று காது வைத்துக் கண்டுபிடிப்பது. அவன் குர்து இல்லை, மேற்குத் துருக்கிக்காரன். நிறம் கறுப்பு, அவ்வளவுதான். சந்தேகத்தில் பிடித்து அடிக்கிறார்கள். வெளியே வந்தால் கதவில் சிவப்புப் பெருக்கல் குறி. குர்து என்று முத்திரை விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் குர்து அல்லாதவனின் உடம்பிலேயே காட்டிவிட்டார் அந்த அம்மா.

எதிரணியின் பலமான வாதம் ஒன்று உண்டு. குர்துகளின் 'ஓஸ்குர் குந்தெம்' நாளேடு. அதில் எழுதிய மூசா அந்தெர் 1992இல் குர்துகள் அதிகம் வாழும் தியார்பக்கிரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆர்மீனியர்களின் 'அகோஸ்' ஏட்டின் ஆசிரியர் ஹிராந்த் திங்க் 2007இல் கொல்லப்பட்டார். இவர்கள் முன் நானும் எழுந்து நிற்பேன். ஆனால் அவர்கள் சிறுபான்மையினர் தாங்களே நடத்திய ஏடுகளின் மனிதர்கள். பெரிய ஊடகம் என்ன செய்தது? 2013இல் இஸ்தான்புல் வீதியில் போராடியவர்கள் மீது கண்ணீர்ப்புகை பறந்தபோது சிஎன்என் துர்க் தொலைக்காட்சி பென்குயின் படம் ஓட்டியது! நம் தெருவையே இப்படி மறைப்பவர்கள் இத்தனை வருடம் தியார்பக்கிரைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள் என்று இஸ்தான்புல்வாசிகள் பலர் அன்றுதான் யோசித்தார்கள். அப்புறம், 'ஓஸ்குர் குந்தெம்' நிருபர்கள் பட்ட பாட்டைத் திரையில் சொன்னது எது? 2010இல் சேதத் யில்மாஸ் எடுத்த 'பிரஸ்'. அதுவும் சினிமாதான், ஐயா.

"படத்தை யார் பொருட்படுத்துகிறார்கள்?" என்றும் கேட்டார்கள். குர்துப் போராளிகளைப் பற்றிய 'பாக்குர்' ஆவணப்படத்தை 2015இல் இஸ்தான்புல் திரைப்பட விழாவில் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். மற்ற இயக்குநர்கள் தங்கள் படங்களைத் திரும்பப் பெற்றார்கள். போட்டிப் பிரிவுகளே ரத்தாயின. அதை எடுத்த இருவருக்கும் 2019இல் நான்கரை வருடச் சிறைத் தண்டனை விதித்தது நீதிமன்றம். பொருட்படுத்தாத ஒன்றுக்கு எதற்கு இத்தனை பாடு? அடுத்துப் பேச வரும் நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.