பம்ப் பண்ணா 40 மில்லிதான் வருது, பால் பத்தலையா?

அடுத்த கேள்வி. "குழந்தைக்கு நாலரை மாசம், தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கறேன். அடுத்த மாசம் வேலைக்குத் திரும்பணும். கரண்ட் பம்ப் வாங்கி, காலையில குழந்தை குடிச்சப்புறம் 20 நிமிஷம் போட்டுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லிதான் வந்துச்சு. வீட்டுல பால் பத்தல, பவுடர் ஆரம்பிச்சுடுன்னு சொல்றாங்க. என்ன பண்றது?"ன்னு கேட்டிருக்காங்க.

பவுடர் டப்பாவை இப்போ திறக்காதீங்கம்மா. நீங்க எடுத்த 40 மில்லி, குழந்தை வயிறு நிறையக் குடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் மிச்சம் இருந்தது. அந்த நேரத்துல பம்ப் போட்டா ரெண்டு பக்கமும் சேர்த்து 15-லேருந்து 60 மில்லி வரைக்கும் வர்றதுதான் வழக்கம். குழந்தை குடிக்க வேண்டிய நேரத்துல, அதுக்குப் பதிலா பம்ப் போட்டீங்கன்னா 60-லேருந்து 120 வரும். ஒரு பக்கம் நிறைய வரும், இன்னொரு பக்கம் கொஞ்சமா வரும். காலையில அதிகம், சாயங்காலம் குறைவு. இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதான். ஒரே தடவையில 200, 250 எடுத்துக் காட்டற வீடியோக்களைப் பார்த்து மனசு உடைஞ்சு போகாதீங்க. தேவைக்கு மேல சுரக்கறவங்க சில பேர் இருக்காங்க, அவங்களை அளவுகோலா வச்சுக்கக் கூடாது.

பால் பத்துதான்னு குழந்தையை வச்சுத்தான் சொல்ல முடியும். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாம ஒண்ணுக்குப் போகுதா? இந்த வயசுல மாசத்துக்குச் சுமார் அரைக் கிலோ ஏறும். தடுப்பூசி அட்டையில இருக்கற வளர்ச்சிக் கோட்டை ஒட்டி எடை ஏறுதா? ஏறுதுன்னா பால் பத்துது. ஏறலன்னா குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, வீட்டுலயே முடிவு பண்ண வேண்டாம். தாய்ப்பாலே பத்தும்போது நடுவுல பவுடர் பாலைப் புகுத்தினா என்ன ஆகும்? குழந்தை மார்புல குடிக்கறது குறையும். மார்பு காலியாகாம நிறைஞ்சே இருந்தா சுரக்கற வேகம் குறைஞ்சிடும். அப்படித்தான் நல்லா ஊறிக்கிட்டு இருந்த பாலும் வத்திப்போகுது.

இப்போ பம்ப்புக்கு வருவோம். நிறைய பேருக்குப் பிரச்சினை மோட்டார்ல இல்ல, மார்புல பொருத்தற அந்தக் கூம்புலதான். பெட்டியோட வர்றது பெரும்பாலும் 24 இல்லன்னா 28 மில்லிமீட்டர். உங்க காம்போட அடிப்பாகத்தை மட்டும் ஸ்கேல் வச்சு அளங்க, சுத்தி இருக்கற கருவட்டத்தைச் சேர்க்காதீங்க. அந்த அளவோட ஒண்ணுலேருந்து மூணு மில்லிமீட்டர் கூட இருக்கற கூம்பு போதும். காம்பு 16 மில்லிமீட்டர்னா 17 இல்லன்னா 19 சைஸ் போட்டுப் பாருங்க. பெரிய கூம்புக்குள்ள மாட்டற சிலிக்கான் வளையமும் அந்த சைஸ்ல தனியா கிடைக்குது. இழுக்கும்போது காம்பு மட்டும் குழாய்க்குள்ள தாராளமாப் போயிட்டு வரணும். கருவட்டமும் சேர்ந்து உள்ளே போய் வீங்குதுன்னா கூம்பு பெரிசு. காம்பு பக்கத்துல உரசி வெளுத்துப் போகுதுன்னா சின்னது.

அடுத்தது, வேகமும் இழுவையும். குழந்தை முதல்ல சின்னச் சின்னதா, வேகமா சப்பும். பால் இறங்கினதும் மெதுவா, ஆழமா இழுக்கும். பம்ப்லயும் அதே மாதிரி ரெண்டு நிலை இருக்கு. ரெண்டு நிமிஷம் வேகமான, லேசான நிலையில வைங்க. பால் பீச்ச ஆரம்பிச்சதும் மெதுவான நிலைக்கு மாத்துங்க. ஏழெட்டு நிமிஷத்துல சொட்டுச் சொட்டா குறைஞ்சிடும், நிறைய பேர் அங்கேயே நிறுத்திடறாங்க. நிறுத்தாதீங்க. மறுபடி வேகமான நிலைக்குப் போனா இன்னொரு தடவை பால் இறங்கும். இழுவையைக் கூட்டிக்கிட்டே போனா பால் கூடும்னு நினைக்கறது தப்பு. வலிச்சா பாலை இறக்கற ஆக்ஸிடோசின் ஹார்மோன் தடைபடும். கூட்டிக்கிட்டே போய், லேசா உறுத்தற இடத்துலேருந்து ஒரு படி குறைச்சு வைங்க. அதுதான் உங்களுக்கான அளவு.

கையையும் சும்மா வச்சிருக்காதீங்க. போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மார்பை நீவி விடுங்க. பம்ப் ஓடும்போது கட்டியா இருக்கற இடத்தை லேசா அமுக்கிக் குடுங்க. கழட்டினப்புறம் ரெண்டு நிமிஷம் கையால பீச்சி எடுங்க. குறைமாசக் குழந்தைங்களோட அம்மாக்களை வச்சு அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல பண்ணி 2009-ல வெளிவந்த ஆய்வுல, இந்தக் கைப்பழக்கத்தைக் கத்துக்குடுத்த பிறகு ஒரு நாள் பால் அளவு சராசரியா 48 சதவீதம் கூடுச்சு. செலவே இல்லாத விஷயம் இது.

நல்லா வந்துக்கிட்டு இருந்தது திடீர்னு குறைஞ்சா முதல்ல வால்வைப் பாருங்க. வாத்து அலகு மாதிரி இருக்கற அந்தச் சின்ன சிலிக்கான் துண்டுதான். பிரஷ் போட்டுத் தேய்ச்சா வாய் கிழிஞ்சு இழுவை போயிடும். தினமும் பலமுறை போடறவங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க.

வேலைக்குப் போனப்புறம் எவ்வளவு வேணும்? ஒரு மாசத்துலேருந்து ஆறு மாசம் வரைக்கும் குழந்தைங்க ஒரு நாளைக்குச் சராசரியா 750, 800 மில்லி குடிக்குது. வளர வளர இது பெரிசாக் கூடறதில்ல. எட்டு வேளைக்குப் பிரிச்சா வேளைக்கு 100 மில்லி. நீங்க பத்து மணி நேரம் வெளியில இருந்தா 300, 350 மில்லி போதும். அதனால ஃப்ரீசரை நிரப்பணும்னு உடம்பை வருத்திக்காதீங்க. காலையில முதல் பால் குடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு, தினம் ஒரே ஒரு தடவை எடுங்க. பத்து நாள்ல 400 மில்லி சேர்ந்துடும், முதல் நாளுக்கு அது தாராளம். அப்புறம் ஆபீஸ்ல மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ரெண்டு பக்கமும் ஒண்ணா 15, 20 நிமிஷம். அன்னிக்கு எடுத்தது மறுநாளைக்கு. குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும், சாப்பாட்டு இடைவேளை போக ரெண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்துல இருக்கு. தயங்காம எச்.ஆர். கிட்ட கேளுங்க.

எடுத்த பால் 25 டிகிரியில நாலு மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் வெயில்ல அறையே 32, 33 இருக்கும், அதனால உடனே ஃபிரிட்ஜுக்குள்ள உள்பக்கமா வைங்க, கதவுல வேண்டாம். அங்க நாலு நாள், ஃப்ரீசர்ல ஆறு மாசம். ஐஸ் பேக் போட்ட பையில வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. மேல ஆடை மாதிரி படியறது கெட்டுப்போனதில்ல, கொழுப்பு, லேசா சுழற்றினா கலந்துடும். அடுப்புலயோ மைக்ரோவேவ்லயோ சுட வைக்காம, வெந்நீர்ல பாத்திரத்தோட வச்சு எடுங்க. பாட்டிகிட்ட பாலாடையிலயோ டம்ளர்லயோ 60 மில்லியா ஊத்திக் குடுக்கச் சொல்லுங்க, கேட்டா இன்னும் கொஞ்சம். வாய் வச்சு மிச்சமான பாலை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது, கொட்டிடணும்.