கண்ணாடி சரியாகிவிட்டது, ஆனால் அந்த பட்டனைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு இரண்டு விஷயம் இருக்கிறது, ஒன்றில் செம சந்தோஷம், இன்னொன்றில் கோபம். சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி சரியாகிவிட்டது!

ரொம்ப நாளாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், தரையிலும் தண்ணீரிலும் இறங்கும் என் விமானத்தில், இறக்கைக்குக் கீழே அதைத் தாங்கும் கம்பியான ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் அந்த வட்டக் கண்ணாடி என்னை என்ன பாடு படுத்தியது என்று. விமானத்தைத் தண்ணீரில் மிதக்கவைக்கும் ஃப்ளோட்டுக்கு அடியில் சக்கரம் நீட்டிக்கொண்டிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று காக்பிட்டில் இருந்தே பார்ப்பதற்கு அதுதான் முக்கியமான வழி. இந்தப் பக்கத்து முன் சக்கரத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிடலாம், அந்தப் பக்கம் முடியாது. ஆனால் இறங்குவதற்காக எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் போதும், கண்ணாடி அதிர ஆரம்பித்து எல்லாம் கலங்கலாகிவிடும். பார்க்கவேண்டிய நேரத்தில்தான் தெரியாது! இறுக்கிப் பார்த்தோம், கண்ணாடியைப் பிடித்திருக்கும் கையை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மெக்கானிக் கிளாம்புக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் ஒரு தடித்த ரப்பர் துண்டை வைத்து முடுக்கினார், அவ்வளவுதான். இப்போது முன் சக்கரத்து டயரின் பள்ளங்கள் வரைக்கும் தெரிகிறது. தண்ணீரில் இருந்து கிளம்பினால் சொட்டுகள் காய்ந்து புள்ளி புள்ளியாக நிற்கும், அதைத் துடைக்க ஒரு துணி சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது.

சரி, இப்போது கோபம். இந்த வாரம் வேறொருவர் ஓட்டிய விமானத்தில் பக்கத்து சீட்டில் போனேன். இதே மாதிரி ஆம்ஃபிபியன்தான், ரன்வேயிலும் இறங்கும், ஏரியிலும் இறங்கும். வேகம் குறைந்ததும் ஹெட்செட்டில் எச்சரிக்கைக் குரல் வந்தது, "கியர் இஸ் அப்" என்று (கியர் என்றால் சக்கரம்) ஆரம்பிக்கிறது, வாக்கியம் முடியவில்லை, இவர் கட்டைவிரலால் பட்டனை அமுக்கி அதை நிறுத்திவிட்டார். சக்கரத்தின் நிலையைக் காட்டும் விளக்கைப் பார்க்கவில்லை, வெளியேயும் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குச் சக்கரம் சரியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், சாதாரண விமானத்தில் சக்கரம் மேலே இருக்க எஞ்சினைக் குறைத்தால் அலாரம் அடிக்கும், ஏனென்றால் அங்கே சக்கரம் கீழே இருப்பது மட்டும்தான் சரி. இங்கே அப்படி இல்லை. மேலே இருந்தாலும் சரிதான், கீழே இருந்தாலும் சரிதான், நீங்கள் எங்கே இறங்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து. அது அந்தக் குரலுக்குத் தெரியாது. சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், அது சரியா தப்பா என்று முடிவு செய்யவேண்டியது நீங்கள். ஒவ்வொரு தடவையும் அதே குரல் வருவதால் கை தானாகப் போய் அமுக்கிவிடுகிறது, காது கேட்பதில்லை.

இரண்டு தப்பும் ஒன்று இல்லை, இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். சக்கரம் மேலே இருக்க ரன்வேயில் இறங்கினால் ஃப்ளோட்டின் அடிப்பட்டை தேய்ந்துகொண்டே சறுக்கி நிற்கும். செலவு வரும், மானம் போகும், பெரும்பாலும் ஆட்கள் கதவைத் திறந்து நடந்து வந்துவிடுவார்கள். சக்கரம் கீழே இருக்கத் தண்ணீரில் இறங்கினால் கதையே வேறு. நான்கு சக்கரமும் தண்ணீரைப் பிடித்துக் கீழே இருந்து இழுக்கும், மேலே இருக்கிற எடை முழுவதும் முன்னே பாயும், விமானம் அப்படியே குப்புறக் கவிழும். நீங்கள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குவீர்கள், தண்ணீர் உள்ளே வரும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. கதவு எந்தப் பக்கம் என்று கையால் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பெல்ட்டையே அவிழ்க்கவேண்டும். உயிர்ச்சட்டையை வெளியே வந்த பிறகுதான் ஊதவேண்டும், உள்ளேயே ஊதினால் அது உங்களை மேலே தள்ளி அங்கேயே மாட்டிவிடும்.

இது எப்படி நடக்கிறது என்றால், பெரும்பாலும் ரன்வேயில் கிளம்பி, பக்கத்தில் இருக்கிற ஏரிக்குக் குட்டியாக ஒரு பயணம். கிளம்பியதும் மடக்கவேண்டிய சக்கரம் மடங்காமல் கிடக்கிறது, யாரோ பேசிக்கொண்டு வருகிறார்கள், ஃப்ளோட்டே காற்றில் விமானத்தை அவ்வளவு பின்னுக்கு இழுப்பதால் சக்கரம் இழுப்பது தனியாகத் தெரியாது. அப்புறம் நாக்குப் பழக்கம். வருடக்கணக்காகத் தரை விமானம் ஓட்டியவர் இறங்கும்போது "கியர் டவுன்" என்று சொல்லிச் சொல்லியே பழகியிருப்பார், ஏரி கண்ணெதிரே இருந்தாலும் வாய் அதையே சொல்லும்.

அதனால்தான் செக்லிஸ்ட்டில் "கியர்: தேவைக்கேற்ப" என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்காது. தேவை என்ன என்பதை அல்லவா முதலில் சொல்லவேண்டும்! நான் வெளியே பார்த்து "தண்ணீர்" என்று சத்தமாகச் சொல்வேன். அப்புறம் நான்கு நீல விளக்கு, அப்புறம் கண்ணாடி, அப்புறம் "சக்கரம் மேலே". வட்டமடிக்கும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, கடைசி நேர்கோட்டில் ஒரு தடவை. பக்கத்தில் யார் இருந்தாலும் அவரையும் அவர் பக்கத்து ஜன்னலில் பார்த்துச் சொல்லச் சொல்வேன்.

ஐயோ, விளக்கைப் பற்றிச் சொல்லாமலே வந்துவிட்டேன். என்னுடைய ஃப்ளோட்டில் மேலே என்றால் நீலம், கீழே என்றால் பச்சை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று. மூன்று நீலம் வந்து நான்காவது எரியவில்லை என்றால் "பல்ப் போயிருக்கும்" என்று நினைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகவே கூடாது. மேலே ஏறுங்கள், நிதானமாகக் கண்ணாடியில் பாருங்கள், சக்கரத்தை மடக்கும் ஹைட்ராலிக் பம்ப்பின் சர்க்யூட் பிரேக்கர் விழுந்திருக்கிறதா பாருங்கள், கைப்பம்பு இருக்கிறது, அடியுங்கள். அதற்கும் மடங்கவில்லையா, ஏரியை மறந்துவிட்டு ரன்வேக்குத் திரும்புங்கள்.

கைப்பம்பை எப்படி அடிப்பது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அடுத்த வீடியோவில் தரையில் ஜாக்கியில் தூக்கி வைத்துக் காட்டுகிறேன். கண்ணாடியையும் கிட்டத்தில் காட்டுகிறேன், அந்த ரப்பரைப் பார்க்கவேண்டும் நீங்கள்.