மருந்தடித்தும் திரும்பி வரும் எறும்புகள்

நேயர்களுக்கு வணக்கம். பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் இருப்பதால், பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் ஒன்றைக் கேட்பார்கள்: "போன வாரம்தானே ஸ்ப்ரே அடித்தேன், இப்போது படுக்கையறையிலும் எறும்பு வருகிறதே?"

ஸ்ப்ரே அடித்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம். நம் கண்ணில் படுவது இரை தேடி வெளியே வந்த கொஞ்சம் எறும்புகள்தாம். ராணிகளும் குஞ்சுகளும் சுவருக்குள்ளோ சுவிட்ச் பெட்டிக்குப் பின்னாலோ பத்திரமாக இருக்கும். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் அதிகம் தொல்லை தரும் பொடி எறும்பு வகைகளில் ஒரு கூட்டுக்குப் பல ராணிகள். மருந்து நெடி பட்டதும் ஒரு ராணி, சில வேலைக்கார எறும்புகள், கொஞ்சம் குஞ்சுகள் என்று பிரிந்து போய் வேறு இடத்தில் புதுக்குடித்தனம் தொடங்கிவிடும். சமையலறையில் ஒரு கூடு இருந்தது போய், வீட்டில் மூன்று கூடு ஆகிவிடுகிறது.

அதனால் முதலில் வந்திருப்பது எது என்று பாருங்கள். தலை கறுப்பாக, வயிறும் காலும் நிறமே இல்லாததுபோல் வெளிறி, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அது பேய் எறும்பு. நசுக்கினால் கெட்டுப்போன தேங்காய் வாடை வரும். உடம்பு முழுக்க மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் பாரோ எறும்பு. மருத்துவமனைகளுக்கே தலைவலி கொடுக்கிற வகை அது. கறுப்பாக நீண்ட காலோடு தாறுமாறாக ஓடுவதைச் சிலர் பிள்ளையார் எறும்பு என்பார்கள். கடிக்காது என்று பாட்டிமார் விட்டுவிடுவார்கள். எனக்கும் அதன்மேல் பெரிய கோபம் இல்லை.

சரி, என்ன செய்வது? விஷத்தை அவையே கூட்டுக்குத் தூக்கிப் போகும்படி வைக்க வேண்டும். இரவில் ஓர் அட்டையில் ஒரு சொட்டுச் சீனிப்பாகு, பக்கத்தில் நெத்திலிக் கருவாட்டுத் துணுக்கு ஒன்று வையுங்கள். எதில் கூடுகின்றனவோ, அந்தச் சுவையில்தான் மருந்து வாங்க வேண்டும். நெத்திலிக்கு ஓடுகிற எறும்புக்கு இனிப்பு மருந்து வைத்தால் அது சீண்டாது.

இனிப்புக்கு வருபவை என்றால் வீட்டிலேயே கலக்கலாம். ஒரு கப் வெதுவெதுப்பான நீர், எட்டுத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி போரிக் அமிலத் தூள். பஞ்சில் நனைத்து, ஒரு மூடியில் வைத்து, எறும்பு போகும் வழியோரம் வைத்துவிடுங்கள். பிள்ளைகள், பூனை நாய் கைபடாத இடம் முக்கியம். தூளைக் கூடப் போட்டால் சீக்கிரம் சாகும் என்று நினைக்காதீர்கள். தின்ற எறும்பு பாதி வழியிலேயே விழுந்தால் ராணிக்கு எதுவும் போய்ச் சேராது. மெதுவாகக் கொல்வதுதான் இந்த மருந்தின் சாமர்த்தியம்.

முதல் நாள் ஈ மொய்ப்பதுபோல் மொய்க்கும். பயந்துபோய் ஸ்ப்ரே பாட்டிலை எடுக்காதீர்கள், வரிசையைத் துடைக்கவும் வேண்டாம். குறைய ஒரு வாரம், சில வீடுகளில் அதற்கு மேலும் ஆகும். வரத்து நின்றபின் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் அவை விட்டுப்போன வாசனைத் தடம் போய்விடும். அப்புறம் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்திலுள்ள இடுக்கைச் சிலிகான் வைத்து அடையுங்கள்.

மஞ்சள்தூள் தூவினால் வழியை மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். எறும்பை ஒழிக்கக் கோடு போடும் சாக்கட்டியை நான் வீட்டுக்குள் விடமாட்டேன். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. குழந்தை கண்ணுக்கு அது வெறும் எழுதுகிற சாக்கட்டி.

பலரும் பார்க்க மறக்கும் இடம் தாழ்வாரத்துப் பூந்தொட்டி. கறிவேப்பிலை, செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பூச்சி கசியும் இனிப்புநீருக்காக எறும்பு அதை மாடுபோல் மேய்க்கும். தொட்டி மண்ணிலேயே கூடும் கட்டும். ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அந்தக் கூட்டம் வாசற்கதவு இடுக்கு வழியாக உள்ளே ஏறிவிடும். செடியைக் கழுவி மாவுப்பூச்சியை ஒழித்தாலே பாதித் தொல்லை தீரும்.

இவ்வளவும் செய்தும் வந்தால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். கூடு இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவரில் இருக்கலாம். ஒரே வாரத்தில் இரு வீட்டிலும் மருந்து வைக்க வேண்டியிருக்கும். தாழ்வாரத்திலோ குப்பை போடும் குழாய்ப் பக்கமோ கூடு தெரிந்தால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள், அது அவர்கள் பொறுப்பு. நன்றி, வணக்கம்.