ஆழ்துளையும் கழற்றி மாட்டும் டிரில்லும்

நேயர்களுக்கு வணக்கம். டர்பனின் தொழிற்பகுதிகளான ஜேக்கப்ஸ், மொபெனி பட்டறைகளில் லேத் என்னும் கடைசல் மெஷின் ஓட்டும் தம்பி தங்கைகளுக்காகவே இன்று பேசுகிறேன். டர்பன் துறைமுகத்துக்குப் பழுதுபார்க்க வரும் கப்பலின் ஹைட்ராலிக் சிலிண்டருக்கு 75 மி.மீ. விட்டத்தில் 900 மி.மீ. ஆழத் துளை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் விட்டத்தைப் போலப் பத்து மடங்கைத் தாண்டினாலே ஆழ்துளைதான். இது பன்னிரண்டு மடங்கு.

இதற்குத் துண்டு துண்டாகச் சேரும் டிரில்லே ஏற்றது. மெஷினில் பிடிக்க ஷாங்க், நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன், முன்னால் தலை. தலையில் உலோகத்தை வெட்டும் கடினத் துண்டுகளான கார்பைடு இன்செர்ட்டுகள், துளையின் சுவரில் உரசித் தாங்கும் கைட் பேடுகள். தேய்ந்ததை மட்டும் மாற்றலாம், சாணை பிடிக்க வேண்டாம். ஆனால் இன்செர்ட்டுகள் எல்லாம் ஒரே ரகமாக இருக்கக் கூடாது. துளையின் நடுமையத்தில் வெட்டுவேகம் பூஜ்யம். அங்கே உலோகம் வெட்டுப்படுவதில்லை, நசுங்குகிறது. ஆகவே நடு இன்செர்ட் உடையாத, உறுதியான ரகம். வெளி ஓரத்தில் வேகமும் சூடும் அதிகம். அங்கே தேயாத, கடினமான ரகம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் நடுவில் இருப்பது நொறுங்கும், ஓரத்தில் இருப்பது சீக்கிரம் மழுங்கும்.

இந்த டிரில்லின் பலவீனம் இணைப்புகளில் இருக்கிறது. 60 மி.மீ. அகல இணைப்பு முகத்தின் ஓரத்தில் 0.02 மி.மீ. தூசி சிக்கினாலும், 900 மி.மீ. தள்ளி நுனி 0.3 மி.மீ. விலகி நிற்கும். முகங்களைத் துடையுங்கள், திருகுகளைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள், நுனியில் விலகலைக் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். இந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

முதலில் குட்டை ஹோல்டரால் அதே விட்டத்தில் 150 மி.மீ. துளையிடுங்கள். பிறகு நீளமானதை நிமிடத்துக்கு 50 சுற்றுக்கு மேல் போகாமல் உள்ளே விடுங்கள். வெளியே தாங்கலின்றி முழு வேகத்தில் சுழன்றால் அது சாட்டையாக வீசும். அந்த 150 மி.மீ. துளையின் அடியை நெருங்கியதும், சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டைத் திறந்து வேகத்தைக் கூட்டுங்கள். முடிந்தால் டிரில்லை நிறுத்திவைத்து வேலைப்பொருளைச் சுழற்றுங்கள். துளை நேராக வரும்.

சாதாரண எஃகுக்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் வெட்டுவேகம், அதாவது 255 சுற்று. ஃபீட், அதாவது டிரில் முன்னேறும் அளவு, ஒரு சுற்றுக்கு 0.3 மி.மீ. ஏறத்தாழ 12 நிமிடத்தில் முடியும். மோட்டார் 14 கிலோவாட்டாவது தர வேண்டும். 7.5 கிலோவாட் லேத்தில் ஃபீடைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்: வெட்டுப்பட்ட உலோகச் சுருள் உடையாமல் நூலாக நீண்டு துளையை அடைக்கும். சின்ன விட்டத்தில் துளைத்து, பிறகு போரிங் செய்து துளையைப் பெரிதாக்குவதே வழி. சரியான சுருள் குட்டையாக, ஒன்பதாம் எண் போல வளைந்து விழும்.

நடுவில் மின்வெட்டு வந்தால், கரண்ட் திரும்பியதும் அப்படியே ஓட்டாதீர்கள். டிரில்லைச் சுழற்றாமல் பின்னுக்கு இழுத்து, இன்செர்ட்டுகளைப் பாருங்கள். உடைந்த கார்பைடு அடியில் கிடந்தால் புதியதையும் உடைக்கும், எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

மறுபக்கம் துளைக்கும் நேரத்தில் மெல்லிய வட்டத் தகடு ஒன்று பிய்ந்து வரும். வேலைப்பொருள் சுழலும் லேத்தில் அது தெறித்துப் பறக்கும். அந்தப் பக்கம் தடுப்புப் போட்டபின்பே மெஷினை ஓட்டுங்கள்.