எந்த வாடிக்கையாளரை விடலாம்? கொக்குவில் மோட்டர் கடைக் கணக்கு

[காட்சி: மேசையில் விரித்த கணக்குக் கொப்பி]

வணக்கம். இது கொக்குவிலில் இருக்கும் என் மோட்டர் திருத்தும் கடையின் கொப்பி. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் ஊறும் தண்ணீரை நம்பித்தான் வீடும் தோட்டமும். கிணற்று மோட்டர் நின்றால் உடனே போன் வரும். வேலைக்குக் குறைவில்லை, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. ஏன் என்று இந்தக் கொப்பிதான் காட்டிக்கொடுத்தது.

[காட்சி: ஒரு வரியில் விரல்]

காரைநகரில் ஒரு வீடு. பில் 9,500 ரூபா. சாமான் 5,000, கூலி 4,500. பார்த்தால் நல்ல வேலை. ஆனால் நான்கு தரம் போனேன். முதலில் பார்க்க, பிறகு பூட்ட. மூன்றாம் தரம், "தம்பி, சத்தம் ஒரு மாதிரிக் கிடக்கு, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று ஐயா கூப்பிட்டார். மோட்டரில் ஒரு பிழையும் இல்லை. மேலே மூடியிருந்த தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது, ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன். நான்காம் தரம் காசு வாங்க.

போய்வர ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஒரு தரத்துக்குப் பெற்றோல் 300 என்று வைத்தாலும் 1,200 போய்விட்டது. ஒவ்வொரு தரமும் அரை நாள், மொத்தம் இரண்டு நாள். கூட வரும் பெடியனுக்கு நாளுக்கு 2,500 கொடுக்கிறேன், அது 5,000. 4,500இல் 6,200ஐக் கழியுங்கள். 1,700 ரூபா கைநட்டம். என் உழைப்பை இன்னும் சேர்க்கவே இல்லை.

பெரிய பில் தருபவர்தான் நல்ல வாடிக்கையாளர் என்று நானும் நம்பியிருந்தேன். சுவீடனில் கன்தால் என்ற நிறுவனம் ஹீற்றர்க் கம்பி செய்கிறது. 1980களின் பிற்பகுதியில் அவர்கள் ஆள் ஆளாகக் கணக்குப் பார்த்தார்கள். நூற்றுக்கு 20 வாடிக்கையாளர் தந்தது மொத்த லாபத்தின் 225 சதவீதம். 70 பேரிடம் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மிச்சம் 10 பேர் அதில் 125 சதவீதத்தைத் தின்று, 100க்கு இறக்கிவிட்டார்கள். அதில் இரண்டு பேர், ஆகக்கூட வாங்கும் முதல் மூவருக்குள் இருந்தவர்கள்!

சரி, எப்படி விடுவது? ஒரே ஊர், ஒரே கோயில் திருவிழா. முகத்தை முறிக்க முடியாது, முறிக்கவும் கூடாது. முதலில் விதியை மாற்றுங்கள்: பயணக் காசு தனி, சாமான் காசு முன்பணம். பாதிப் பேர் அதிலேயே நல்ல வாடிக்கையாளராகி விடுவார்கள், அவர்களை விடத் தேவையே இல்லை. மற்றவர்களிடம், ஏற்றுக்கொண்ட வேலையை முடித்துக்கொடுத்த பிறகே பேசுங்கள். மோட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டில் தண்ணீர் இல்லாத நேரத்தில் கைவிடுவது பாவம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோண்டாவிலில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவிடம் நான் கூலி வாங்குவதில்லை. அது இந்தக் கணக்கில் வராது. கொடுப்பது என் விருப்பம், அதைத் தனிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

[காட்சி: கையில் போன்]

காரைநகர் ஐயாவுக்கு நானே போன் எடுத்தேன். "ஐயா, இவ்வளவு தூரம் வந்து செய்ய எனக்குக் கட்டுப்படியாகுதில்லை. உங்களுக்குக் கிட்ட, மூளாயில ஒரு பெடியன் இருக்கிறான். வேலை சுத்தம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்ப அந்தப் பெடியன்ர நம்பரைத் தாங்கோ தம்பி" என்றார்.