மோட்டார் இல்லாமல் மேலேறும் தண்ணீர்

(பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயிகளும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தண்ணீரின் குணங்களைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். இங்கே தென்னை வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அதனால் தென்னையிலிருந்தே தொடங்குகிறேன்.

கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்தால் எத்தனை அடி ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும்? முன்வரிசைப் பெரியவர் 25 அடி என்கிறார். சரிதான். தண்ணீர் அதற்கும் கீழே போனால் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவோம். எத்தனை குதிரைத்திறன் கூட்டினாலும் இந்த எல்லை நகராது. மோட்டார் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை மேலே தள்ளுவது வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம். அதனால் ஏறக்குறைய 34 அடிக்கு மேல் தள்ளவே முடியாது. உராய்வு, கசிவு எல்லாம் போக நமக்குக் கிடைப்பது 25.

அப்படியென்றால் 70 அடித் தென்னையின் குருத்துக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது? கலிஃபோர்னியாவில் ரெட்வுட் மரங்கள் 115 மீட்டர் உயரம்கூட வளர்ந்து நிற்கின்றன. அவற்றின் உச்சி இலைக்கும் தண்ணீர் போகிறதே?

இந்த மேசையில் இருக்கும் டம்ளரைப் பாருங்கள். விளிம்பு வரை நிரப்பியிருக்கிறேன். இப்போது சொட்டுச் சொட்டாக விடுகிறேன். வழியவில்லை. கண்ணை விளிம்புக்கு நேராகக் கொண்டுவந்து பாருங்கள், தம்பி. நீர் விளிம்பைத் தாண்டி மேடாகப் புடைத்து நிற்கிறது, தெரிகிறதா? சோப்புத் தண்ணீரில் நனைத்த ஈர்க்குச்சியால் இதோ தொடுகிறேன். உடனே வழிந்துவிட்டது. இவ்வளவு நேரம் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. சோப்பு அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டது.

அந்தப் பிடிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். நீர் மூலக்கூறு நேர்கோடாக இல்லாமல் வளைந்திருக்கிறது. அதன் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்னும், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்னும் கொண்டவை. அதனால் ஒன்றின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனை ஈர்க்கிறது. மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்போடு ஒப்பிட்டால் இதன் வலு ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ஆனால் இது இல்லாவிட்டால் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏறத்தாழ 80 டிகிரியிலேயே கொதித்துப் போயிருக்கும். கடலும் இல்லை, நாமும் இல்லை.

இந்தப் பிடிதான் தென்னைக்கும் தண்ணீர் ஏற்றுகிறது. 1894இல் ஹென்றி டிக்சன், ஜான் ஜாலி என்ற இரண்டு அயர்லாந்து அறிவியலாளர்கள் இதை விளக்கினார்கள். ஓலையின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகும்போது அதன் பின்னால் இருக்கும் நீர் இழுபடுகிறது. அது அடுத்ததை இழுக்கிறது. இப்படி மரத்துக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் வேர் நுனி வரை நீர்க்கம்பி ஒன்று அறுபடாமல் கயிறு போல மேலேறுகிறது. இழுப்பது வெயில். மரம் இதற்காகத் தன் சக்தியைச் செலவழிப்பதில்லை. எனக்கு இயற்கையிலேயே மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

அதே பிடிதான் நம் உடம்பையும் குளிர்விக்கிறது. பிடியை அறுத்துக்கொண்டு ஆவியாக, வியர்வைக்கு நிறைய வெப்பம் வேண்டும். அதைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் போகிறது. அத்தனையும் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கினால் 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வழிந்து கீழே சொட்டும் வியர்வை குளிர்விக்காது, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். புழுக்கமான நாளில் களத்தில் வேலை செய்பவர்களை நிழலில் உட்கார வைத்து, காற்றுப் படவிட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுங்கள். உப்பையும் சர்க்கரையையும் கரைப்பதும் தண்ணீரின் அந்த மின்குணம்தான்.

பனிக்கட்டி மிதப்பதும் இதனால்தான். உறையும்போது மூலக்கூறுகள் இடைவெளி விட்டுக் கோத்துக்கொள்வதால் கட்டி லேசாகிறது. ஸ்ரீநகரில் தால் ஏரி உறையும்போது மேல்பரப்புதான் உறைகிறது, கீழே மீன்கள் பிழைத்துக்கொள்கின்றன.

மறுபடி தென்னைக்கு வருகிறேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது நம் பக்கத்தில் எத்தனை தென்னைகள் காய்ந்தன என்று உங்களுக்கே தெரியும். மண் வறண்டு, வெயில் இழுத்துக்கொண்டே இருந்தால், நீர்க்கம்பியில் இழுவிசை கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து கம்பி அறுந்துவிடும். வேம்பு என்றால் பட்டைக்கு அடியில் புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். தென்னையின் தண்டில் அந்த வசதி கிடையாது. இளமையில் உருவான குழாய்களை வைத்துத்தான் 60, 70 வருடம் ஓட்ட வேண்டும். அதனால்தான் மட்டை தொங்கிய பிறகு பாய்ச்சும் தண்ணீர் பல மரங்களைக் காப்பாற்றுவதில்லை.

ஆகவே மழை தொடங்கும்போதே, மரத்திலிருந்து ஆறேழு அடி தள்ளிக் குழி எடுத்து, தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலாக அடுக்கி மண் மூடுங்கள். நாரில் நீர் ஒட்டிக்கொள்ளும், கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கிடைக்கும். சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.