மாத்திரையை ஒரு நாள்கூட விடலையே

வணக்கம் நேயர்களே. நுரையீரல் புற்றுநோய் என்றதும் "புகை பிடிப்பாரா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். என்னிடம் வந்த ஒரு பெரியம்மா பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவருடைய கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாறியிருந்தது. அதற்கென்றே உள்ள ஜெஃபிடினிப் மாத்திரையைக் கொடுத்தோம், தினம் ஒன்று. ஒரே மாதத்தில் இருமல் அடங்கி, மொட்டை மாடியில் வடகம் பிழிய ஆரம்பித்துவிட்டார். எனக்கும் ஒரு பாக்கெட் வந்தது.

பத்தாவது மாதம் இருமல் திரும்பியது. "மாத்திரையை ஒரு நாள்கூட விடலையே தம்பி" என்றார், ஏதோ தன் தப்பு என்பது போல.

அவர் தப்பே இல்லை. வயலில் ஒரே களைக்கொல்லியை அடித்துக்கொண்டிருந்தால் மற்றதெல்லாம் கருகும், கோரை மட்டும் தலையெடுக்கும், பார்த்திருப்பீர்கள். கட்டியிலும் அப்படித்தான். பாதிப் பேருக்கு, மருந்து ஒட்டவேண்டிய இடமே மாறிப்போகிறது.

சரி, முதல் நாளிலிருந்தே இரண்டு வழியில் அடித்தால்? மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 350 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2020இல் வெளிவந்தது. சிலருக்கு ஜெஃபிடினிப் மட்டும். மற்றவர்களுக்கு அதோடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் என்ற பழைய கீமோ மருந்துகள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். நோய் மறுபடி வளராமல் இருந்த காலம் நடுவாக 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. ஆனால் கடுமையான பக்கவிளைவும் 25 சதவீதத்திலிருந்து 51 சதவீதமானது. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், பல பேர் சொல்வதில்லை.

இரண்டு நல்ல மருந்தைச் சேர்த்தால் இன்னும் நல்லது என்று கணக்குப் போடாதீர்கள். எங்கே போனாலும் இதையே சொல்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். ஓசிமெர்டினிப், ஜெஃபிடினிப் போலவே ஈஜிஎஃப்ஆருக்கான புதிய மாத்திரை, நல்ல மருந்து. டர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தும் நல்ல மருந்துதான். இரண்டையும் சேர்த்தபோது பலருக்கு நுரையீரல் அழற்சி வந்து, சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. சேர்த்துப் பார்க்காமல் தெரியாது.

மணி காட்டுகிறார்கள். ஓசிமெர்டினிப்போடு கீமோ சேர்த்தபோது நோய் வளராமல் இருந்த காலம் 16.7 மாதத்திலிருந்து 25.5 மாதமானதையும், மருந்து கேட்காமல் போக இன்னொரு காரணமான மெட் என்ற மரபணுவையும் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன். முடியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும்: மருந்து கேட்காமல் போனால், பழைய ரிப்போர்ட்டை நீட்டாதீர்கள். திசுவையோ ரத்தத்தையோ மறுபடி சோதிக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வணக்கம்.